இடுப்பு மூட்டுக்குள் சிமென்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்புச் சிமென்ட்டைப் பசை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவை பலவும் அதிலிருந்தே கிளம்புகின்றன. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1960-களில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை நிலைநாட்டியபோது, இந்தச் சிமென்ட்டாக, பல் மருத்துவத்தில் பழகிய அக்ரிலிக்கைத்தான் கையில் எடுத்தார். அது எதையும் ஒட்டாது. தொடை எலும்பின் உள்ளே பஞ்சு போல இருக்கும் பகுதியின் துளைகளில் புகுந்து இறுகி, ஸ்டெம் எனப்படும் உலோகத் தண்டைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கொத்திவிட்ட சுவரில்தான் பூச்சு பிடிக்கும் என்று கொத்தனாருக்குத் தெரியும். இங்கேயும் அதே கணக்குதான். அதனால் எலும்பைக் குடையும்போது பஞ்செலும்பை முழுக்கச் சுரண்டி வழவழப்பாக்கிவிடக் கூடாது. 2, 3 மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும்.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு கழுவுவதில் காட்டும் அவசரம். அந்தத் துளைகளில் ரத்தமும் கொழுப்பும் அடைத்துக்கொண்டிருக்கும். சிரிஞ்சில் இரண்டு தடவை உப்புத் தண்ணீர் பீய்ச்சினால் மேலோட்டமாகத்தான் போகும். விட்டுவிட்டு வேகமாகப் பீய்ச்சும் பல்ஸ் லவாஜ் கருவி வேண்டும், வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை பொறுமையும் வேண்டும். அப்புறம் நீளமான காஸ் துணியை உள்ளே திணித்து எடுத்துப் பாருங்கள். முதல் துணி சிவப்பாக வரும், அடுத்தது வெளிறும், அதற்குப் பிறகு எலும்பின் கண்கள் தேன்கூடு மாதிரி தெரியும். அது தெரியும்வரை சிமென்ட் உள்ளே போகக் கூடாது. நடுவில் ரத்தம் படிந்த சிமென்ட் ஏடு ஏடாகப் பிரிந்து வலுவிழந்துவிடும். நன்றாகக் கழுவினால் கொழுப்பு நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் குறையும்.

ஸ்டெம்மின் நுனிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே, எலும்புக் குழியை அடைக்கும் பிளக் வைக்காமல் விடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அழுத்தம் நிற்காது. மேலிருந்து விரலால் திணிப்பதும் வேண்டாம், காற்றும் ரத்தமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சிமென்ட்டைத் தள்ளும் துப்பாக்கி போன்ற கருவியான சிமென்ட் கன்னின் குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். சுவீடனின் இடுப்பு மூட்டுப் பதிவேடு 1979-ல் தொடங்கியது. சிமென்ட் வைக்கும் முறை மேம்பட மேம்பட, மூட்டு தளர்ந்து மறுபடி அறுவை செய்ய வேண்டிய நிலை குறைந்ததை அது காட்டியது.

சிமென்ட்டின் பவுடரையும் திரவத்தையும் கிண்ணத்தில் போட்டு வேகவேகமாக அடித்தால் காற்றுக் குமிழ் சேரும், பின்னாளில் விரிசல் அங்கேதான் தொடங்கும். வெற்றிடத்தில் கலப்பது நல்லது. கடிகாரத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் ஏசி சரியில்லாத நாளில் சிமென்ட் சீக்கிரமே இறுகிவிடும்.

சிமென்ட்டை அழுத்தும் நேரத்தில் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சட்டென்று இறங்கலாம், வயதானவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

ஸ்டெம் சாய்ந்து இறங்கினால் ஒரு பக்கச் சிமென்ட் 2 மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்து உடையும். நேராக இறக்கிய பிறகும், "சரியாக இருக்கிறதா" என்று லேசாகத் திருப்பிப் பார்க்கும் கை இருக்கிறதே, அது அத்தனை உழைப்பையும் கெடுத்துவிடும். மேசையில் எடுத்து வைத்த சிமென்ட் துண்டு கல் மாதிரி ஆகும்வரை ஸ்டெம்மைப் பிடித்த கை அசையக் கூடாது.