பல வருஷம் தினக்கூலி, இன்னும் நிரந்தரம் இல்லை: பணிவரன்முறை கேட்பது எப்படி?

அரசு அலுவலகத்தில் பதினைந்து, இருபது வருஷமாகத் தினக்கூலியாக இருப்பவர்களிடம் 'நிரந்தரம் கேட்டு ஏதாவது செய்தீர்களா' என்று கேட்டால், 'கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம், அமைச்சர் வந்தபோது கொடுத்தோம்' என்பார்கள். மனுவோடு என்ன இணைத்தீர்கள் என்றால் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல். அவை நீங்கள் யார் என்று சொல்லும். எந்த வேலையை எத்தனை வருஷம், எந்தப் பணியிடத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லாது. பணிவரன்முறை, அதாவது தற்காலிகப் பணியை நிரந்தரமாக்குவது, தொடர்பான வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தக் கேள்வியில்தான். அதனால் மனு எழுதுவதைவிட, அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன். தமிழ்நாடு அரசுத் துறைகளில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: உங்களுக்குக் கூலி கொடுப்பது யார்?

துறையே மஸ்டர் ரோலிலோ (தினக்கூலியாட்களின் வருகை, கூலிப் பட்டியல்) வவுச்சரிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரடியாகக் கூலி கொடுக்கிறதா, அல்லது நடுவில் ஒப்பந்ததாரர் இருக்கிறாரா? துறை நேரடியாகக் கொடுத்தால் இந்தப் பதிவு முழுக்க உங்களுக்குத்தான். ஒப்பந்ததாரர் மூலம் என்றால் 'அந்த ஒப்பந்தம் வெறும் பெயருக்குத்தான், வேலை வாங்குவது துறைதான்' என்று முதலில் நிரூபிக்க வேண்டும், அது வேறு பாதை. இங்கே ஒரு எச்சரிக்கை. பல வருஷம் துறையிடம் நேரடியாகக் கூலி வாங்கியவர்களை 'இனிமேல் ஏஜென்சி மூலம் சம்பளம் வரும், இதில் ஒரு கையெழுத்து போடுங்கள்' என்று கேட்கிறார்கள். அந்தத் தாளைப் படிக்காமல் போடாதீர்கள். வேறு வழியில்லாமல் போட வேண்டி வந்தால், அன்றைக்கே 'துறையின் நேரடிப் பணியாளர் என்ற என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதிப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும்) சட்டத்தையும் பாருங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரத் தகுதி என்கிறது அந்தச் சட்டம். வருவாய்த் துறை, பள்ளிக்கல்வி போன்ற சாதாரண அரசு அலுவலகங்களில் அதை வைத்து வாதாடுவது கடினம்.

இரண்டாம் படி: எந்தத் தேதியில் எத்தனை வருஷம்?

அரசாணை (நிலை) எண் 22, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, நாள் 28.02.2006. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போகிற இடமெல்லாம் இதைத்தான் கேட்பார்கள். 01.01.2006 அன்று பத்து வருஷம் முடித்த தினக்கூலிப் பணியாளர்களைப் பணிவரன்முறை செய்யலாம் என்பது இதன் சாரம். பிறகு 27.06.2013இல் வந்த அரசாணை எண் 74 இதைக் கறாராக்கியது. முழுநேரப் பணியாளராக இருக்க வேண்டும், பத்து வருஷம் 01.01.2006க்குள் முடிந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு முடித்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்றது. ஆக, 1995 மார்ச்சில் சேர்ந்தவர் அரசாணைக்குள் வருகிறார். அதே அலுவலகத்தில், அதே வேலையில், 1997 ஆகஸ்டில் சேர்ந்தவர் இன்றைக்கு 25 வருஷத்துக்கு மேல் முடித்திருந்தாலும் வெளியே நிற்கிறார். இது அநியாயம் என்பதுதான் என் கருத்து, ஆனால் ஆணை அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் 01.01.1996க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால், அரசாணை 22ஐ மட்டும் நம்பி மனு போட்டால் ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள். உங்கள் மனு நீதிமன்றத் தீர்ப்புகளையும், அதே துறையில் உங்களைப் போன்ற வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அந்த ஆணையையும் சார்ந்து நிற்க வேண்டும்.

தீர்ப்புகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உமாதேவி வழக்கு. 10.04.2006 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. 'தற்காலிகமாகச் சேர்ந்தவர் நீண்ட நாள் இருந்துவிட்டார் என்பதாலேயே நிரந்தரம் கேட்க முடியாது' என்ற பகுதியைத்தான் அலுவலகங்கள் எடுத்து எழுதும். 53ஆவது பத்தியை எழுத மாட்டார்கள். ஒப்பளிக்கப்பட்ட (அரசு முறையாக அனுமதித்த) காலிப் பணியிடத்தில், அந்த வேலைக்கான தகுதியோடு, முறையில் குறை இருந்தாலும் சட்டத்துக்கே விரோதமாக இல்லாமல் நியமிக்கப்பட்டு, நீதிமன்ற உத்தரவின் நிழலில் இல்லாமல் பத்து வருஷம் வேலை பார்த்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாகப் பணிவரன்முறை செய்யுங்கள் என்று அந்தப் பத்திதான் சொல்கிறது. தகுதியான எல்லோரையும் பரிசீலித்து முடிக்கும்வரை அந்த ஒருமுறை நடவடிக்கை முடிந்ததாகாது என்று 2010இல் கேசரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

அண்மைக் காலத்தில் காற்று கொஞ்சம் நம் பக்கம் அடிக்கிறது. 20.12.2024 அன்று வந்த ஜக்கோ வழக்குத் தீர்ப்பு மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு, தோட்ட வேலை பார்த்தவர்களைப் பற்றியது. காகிதத்தில் 'பகுதிநேரம்' என்று எழுதியிருந்தாலும் வேலை நிரந்தரத் தன்மையுள்ளது என்று பார்த்து, அவர்களைப் பணிவரன்முறை செய்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான கோரிக்கைகளை மறுக்க உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக்கக் கூடாது என்றும் சொன்னது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டப் பணியாளர்கள் வழக்கிலும், 2025 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச ஊழியர்களின் தரம் சிங் வழக்கிலும் அதே போக்குதான். ஆனால் நம் பள்ளிகளின் பகுதிநேரத் துப்புரவாளர்கள் விஷயத்தில் 2014இல் உச்ச நீதிமன்றம் எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அரசு வக்கீல் அதைக் கட்டாயம் நீட்டுவார். அதனால் உங்கள் வேலை உண்மையில் எத்தனை மணி நேரம் என்பதற்குச் சான்று தேடுங்கள்.

மூன்றாம் படி: ஆதாரம் சேர்ப்பது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம். ஒரு நீளமான நோட்டில் வருஷத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வருஷம் எந்த அலுவலகம், என்ன வேலை, மேலே இருந்த அதிகாரியின் பதவி, கூலி எவ்வளவு, அதற்கு என்ன காகிதம் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். காகிதம் இல்லாத வருஷங்கள் தானாகத் தெரியும். தேட வேண்டியது அந்த வருஷங்களுக்குத்தான்.

நியமன ஆணை இல்லாவிட்டாலும் தேடினால் நிறையக் கிடைக்கும். தேர்தல் பணிக்கு அனுப்பிய கடிதம், வெள்ள நிவாரண முகாமில் பணி ஒதுக்கிய செயல்முறைகள் (அலுவலக ஆணை), இரவுக் காவலர் கையெழுத்துப் பதிவேடு, சாவி ஒப்படைப்புப் பதிவேடு, தபால் கொண்டுபோன உள்ளூர்த் தபால் புத்தகம், வைப்பு நிதி பிடித்திருந்தால் அதன் பாஸ்புக், வங்கியில் கூலி ஏறிய பக்கங்கள். சாவிப் பதிவேட்டைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். காலை ஏழரைக்குத் திறந்து மாலை ஆறரைக்குப் பூட்டியவர் கையெழுத்து அதில் தினமும் இருந்தால், 'இவர் பகுதிநேரம்' என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

இன்னொன்று, உங்கள் பெயர். ஒரு வருஷம் 'முருகேசன்', அடுத்த வருஷம் 'கே. முருகேஷ்', நடுவில் மூன்று மாதம் மனைவி பெயரில் வவுச்சர் போட்டிருப்பார்கள். தொடர்ச்சி இல்லை என்று காட்ட இதெல்லாம் வசதியாகப் போய்விடும். எந்தெந்த மாதத்தில் எந்தப் பெயரில் வந்தது என்று நோட்டில் குறித்து, ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் யாராவது 'எல்லாம் ஒரே ஆள்தான்' என்று பிரமாண வாக்குமூலம் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்றவர்கள் பலர் தயங்காமல் உதவுகிறார்கள்.

நான்காம் படி: தகவல் உரிமைச் சட்டம்

கையில் இல்லாததை அலுவலகத்திடமே கேட்டு வாங்குங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும். 'ஏன் என்னை நிரந்தரம் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். இரவுக் காவலர் ஒருவர் என்றால் இப்படி:

'1. இவ்வலுவலகத்தில் 1994 முதல் இன்றுவரை ஒப்பளிக்கப்பட்ட இரவுக் காவலர் பணியிடங்கள் எத்தனை? அதற்கான அரசாணை நகல். 2. அவற்றில் ஆண்டுவாரியாகக் காலியாக இருந்தவை. 3. எனக்குக் கூலி வழங்கப்பட்ட மஸ்டர் ரோல் மற்றும் வவுச்சர் நகல்கள். 4. என்னைப் பணியமர்த்தியபோது வேலைவாய்ப்பு அலுவலகத்திடம் பட்டியல் கேட்ட கடிதம், வந்த பட்டியல் ஆகியவற்றின் நகல். 5. எனது பணிவரன்முறை குறித்து மேல் அலுவலகத்துக்கு அனுப்பிய கருத்துரு மற்றும் கோப்புக் குறிப்புகளின் நகல்.'

முதல் இரண்டு கேள்விகள்தான் உயிர். 'ஒப்பளிக்கப்பட்ட காலியிடம்' என்பதை உங்கள் சொல்லால் நிரூபிக்க முடியாது, அலுவலகத்தின் பதிலால்தான் முடியும். ஐந்தாவதும் முக்கியம், ஏனென்றால் உங்களைப் பரிந்துரைத்து ஓர் அதிகாரி என்றைக்கோ எழுதிய கருத்துரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 'பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன' என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம், அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். பதிவேட்டை வைத்திருக்க வேண்டியது அலுவலகம், நான் இல்லை என்று வாதாட அந்தக் கடிதம் உதவும்.

ஐந்தாம் படி: மனு

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நியமன அதிகாரிக்கு எழுதி, துறைத் தலைவருக்கும் அரசுச் செயலாளருக்கும் நகல் அனுப்புங்கள். பணியில் சேர்ந்த நாள், வேலை, ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், கல்வித் தகுதி, சேர்ந்தபோது வயது, தொடர்ச்சியான பணி, எந்த அரசாணை, எந்தத் தீர்ப்பு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இணைப்பு எண் போடுங்கள். கோரிக்கை இரண்டாக இருக்கட்டும். ஒன்று பணிவரன்முறை. மற்றொன்று, அதுவரை அந்தப் பதவிக்கான ஊதிய விகிதத்தின் குறைந்தபட்ச ஊதியம். நிரந்தரப் பணியாளர் பார்க்கும் அதே வேலையைப் பார்க்கும் தற்காலிகப் பணியாளருக்கு இது உண்டு என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் கோரிக்கை இழுத்தடித்தாலும் இரண்டாவதில் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

மனு மேல் மனு போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. பழைய கோரிக்கைக்குப் புது மனு கொடுத்ததால் காலதாமதம் மன்னிக்கப்படாது என்று 2008இல் ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஒரு மனு, ஒரு நினைவூட்டு, அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.

ஆறாம் படி: உயர் நீதிமன்றம்

மாநில அரசுப் பணியாளர் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட வேண்டும். மத்திய அரசு அலுவலகம் என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். பணம் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

முதல் வழக்கில் பெரும்பாலும் 'மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து ஆணையிடவும்' என்றுதான் உத்தரவு வரும். ஊரில் வெடி போட்டுக் கொண்டாடுகிறார்கள், ஆனால் இது நிரந்தரம் செய்யச் சொன்ன உத்தரவு இல்லை. பரிசீலித்து 'விதிகளில் இடமில்லை' என்று நிராகரிக்கவும் செய்வார்கள். அந்த நிராகரிப்பு ஆணை கைக்கு வந்ததும் அதை ரத்து செய்யக் கோரிப் புதிய ரிட் போட வேண்டும், உண்மையான வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஆணையில் அவர்கள் தொடாமல் விட்டது எது என்று பாருங்கள். காலியிடம் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, உங்கள் தகவல் உரிமைப் பதில் அப்போது பேசும். உத்தரவிட்ட கெடுவுக்குள் எதுவுமே செய்யவில்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாம், அதைத் தாண்டினால் அந்த வழி அடைபடும்.

வழக்குப் போட்டதும் வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்ற பயம் இருந்தால், தற்போதைய நிலை தொடர இடைக்கால உத்தரவையும் அதே மனுவோடு கேட்கச் சொல்லுங்கள்.

ஆணை கைக்கு வந்த பிறகு

பணிவரன்முறை ஆணையில் முதலில் பார்க்க வேண்டியது எந்தத் தேதியிலிருந்து என்பதை. சில ஆணைகள் வெளியிட்ட நாளிலிருந்து மட்டும் என்று சொல்லும், சில முன்தேதியிட்டுப் பணப்பலன் இல்லாமல் தரும். 01.04.2003 தமிழக அரசில் ஓய்வூதியத் திட்டம் மாறிய நாள் என்பதால், தேதி அதற்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து உங்கள் முதுமையே மாறும். தேதி தவறு என்று தோன்றினால் பணியில் சேர்ந்துவிட்டு, 'உரிமைக்குப் பாதகமின்றிச் சேர்கிறேன்' என்று சேர்க்கை அறிக்கையிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தை நேரில் பாருங்கள். பிறந்த தேதி, பெயரின் எழுத்து, வாரிசுதாரர் (நாமினி) பெயர் மூன்றையும் சரிபார்த்து, அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.