சாமி காப்பாத்துச்சா, காத்து காப்பாத்துச்சா? புள்ளைங்க கேட்டா எப்படி பேசுறது

போன ஐப்பசில பாம்பன்ல எங்க அப்பா போன வள்ளத்துல இன்ஜின் நின்னு போயி, கச்சான், அதான் மேக்க இருந்து அடிக்கிற காத்து, இலங்கைப் பக்கமா இழுத்துட்டுப் போக, விடியக்காலம் வாடைக் காத்து விழுந்து கரைக்குத் தள்ளிருச்சு. அம்மா "சாமி தான் காத்தத் திருப்பி விட்டுச்சு"ன்னாங்க, பிளஸ் டூ படிக்கிற அக்கா மகன் "அப்ப பிசிக்ஸ் பொய்யா அம்மாச்சி"ன்னு கேட்டுட்டான்.

இந்த மாதிரி கேட்டா அதட்டாதீங்க. மொதல்ல, அங்க பிசிக்ஸ் விதி எதுவும் உடைஞ்சுச்சான்னு பாக்கச் சொல்லுங்க. ராமேஸ்வரத்துல தொட்டியில மிதக்குற கல்லு இருக்குல்ல, உள்ள ஓட்டை ஓட்டையா காத்து இருக்கு, மொத்தத்துல தண்ணிய விட லேசு, மிதக்குது. வாடையும் அப்படித்தான், ஐப்பசில காத்து மாறுறது புதுசில்ல.

அடுத்து, விதி என்ன சொல்லுதுன்னு சரியா சொல்லிக் குடுங்க. வலையில இருந்து நழுவுற நண்ட கையில ஏந்துனா புவியீர்ப்பு பொய்யாயிடுமா? ஆற்றல் கூடாது குறையாதுங்கிறதே வெளியில இருந்து எதுவும் வராத அமைப்புக்குத் தான். ஆனா கை குடுத்த ஆற்றலுக்குக் கணக்கு இருக்கு, சாமி தள்ளுனா அந்தக் கணக்கு எங்கன்னு அவன் கேப்பான், கேக்கட்டும், நியாயமான கேள்வி.

அதுக்கு சிலர் குவாண்டத்தக் காட்டுவாங்க, அதாவது அணு அளவுல நடக்குறதச் சொல்ற பிசிக்ஸ. தானா சிதையுற ரேடியம் சுமார் 1600 வருஷத்துல பாதியா குறையும், ஆனா எந்த அணு இப்ப சிதையும்னு எந்த விதியும் சொல்லாது, அங்க தான் கடவுள் முடிவு பண்றாருன்னு வில்லியம் போலார்ட்னு ஒரு இயற்பியலாளர், பாதிரியாரும் கூட, 1958லயே எழுதுனாரு. கணக்கு இடிக்காது தான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பல, சாமிய ஒரு சந்துக்குள்ள ஒளிச்சு வைக்கிற மாதிரி இருக்கு. அவனன்றி ஓரணுவும் அசையாதுன்னு நம்ம பெரியவங்க சொன்னது ஏதோ ஒரு அணுவ இல்லயே, எல்லா அணுவையும் தானே, அப்ப விதியும் அவன்து, வாடையும் அவன்து, அம்மா கும்பிட்டதும் சரி பையன் படிக்கிறதும் சரி. நான் பையன்கிட்ட இப்படித்தான் சொன்னேன்.

அவன் விடல. "அப்ப 1964 டிசம்பர் புயல்ல கடல் அடிச்சுட்டுப் போன தனுஷ்கோடி ரயிலு?"ன்னான். இது பிசிக்ஸ் கேள்வி இல்லங்க, இதுக்கு விதியையும் அணுவையும் வச்சு பதில் சொல்லிறாதீங்க. எங்க அம்மா ஒன்னுமே சொல்லல, அவனுக்குச் சோத்தப் போட்டுட்டு அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.