தூரக் கடலோடும் உல்லாசப் படகு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் நான். விற்பவர் சோபாவைக் காட்டும்போது, "முதலில் கீழே இறங்குவோம்" என்று சொல்லுங்கள். எஞ்சினைச் சுற்றி ஆள் மண்டியிட்டு வேலை செய்ய இடம் வேண்டும். டீசல் வடிகட்டிகள் இரண்டு இணையாக இருக்க வேண்டும். அலையில் படகு ஆடும்போது தொட்டியின் அடிக்கசடு கிளம்பி வடிகட்டியை அடைக்கும். அப்போது எஞ்சினை நிறுத்தாமலே மற்றதற்கு மாற்ற முடிய வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேகக் கணக்கு எளிது. நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளத்தை, அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 36 அடிக்கு ஏறத்தாழ 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்); கனத்த அடிப்பாகம் கொண்ட படகுக்கு அதுதான் நடைமுறை எல்லை. 6 நாட் வேகத்தில் ஓட்டினால் டீசல் செலவு வெகுவாகக் குறையும், போகும் தூரம் கூடும். 40 அடி நோர்ட்ஹேவன் படகு ஒன்று உலகையே சுற்றி வந்திருக்கிறது.

அடுத்து தூக்கம். முன்முனையில் இருக்கும் அழகான அறை அலையில் ஏறி இறங்கும். நடுப்பகுதியில், தாழ்வாக உள்ள படுக்கையைத் தேடுங்கள். உருண்டு விழாமலிருக்க அதற்குப் பக்கப்பலகை வேண்டும். ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் இருபுறமும் பொருத்தும் பக்கத் துடுப்பு நிலைநிறுத்திகள் படகு ஓடும்போதுதான் நன்றாக உதவும்; நங்கூரமிட்டு நிற்கையில் ஆட்டத்தைக் குறைக்கச் சுழல்நிலைக் கருவி (வேகமாகச் சுழலும் சக்கரம் கொண்ட கைரோ) உதவும். சமையலறை குறுகலாக இருக்கட்டும், இடுப்பைச் சாய்த்துக்கொண்டு சமைக்கலாம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியைத் துறைமுகத்தில் ஓட்டாதீர்கள். எண்ணெய் கலந்த நீர் அதன் சவ்வைக் கெடுத்துவிடும்.