பூனையின் மூச்சை எண்ணுவது எப்படி?

போன மழைக்காலத்தில் எங்கள் மீனு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முன்னங்கால் முட்டிகளை அகட்டி, கழுத்தை நீட்டி, படுக்க முடியாமல் குந்தியே இருந்தாள். நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருந்தது. ஊசியால் அதை எடுத்த பிறகுதான் தூங்கினாள். அன்று முதல் தினமும் அவள் மூச்சை எண்ணுகிறேன்.

பூனை நன்றாகத் தூங்கும்போது விலாவைப் பாருங்கள். 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நான் தடுமாறியது இங்கேதான். விலா ஏறுவதை ஒன்று, இறங்குவதை இன்னொன்று என்று எண்ணிவிட்டேன். 48 வந்ததும் கைகால் நடுங்கிவிட்டது. ஏறி இறங்கினால்தான் ஒரு மூச்சு, ஆக அது வெறும் 24. 'குர்ர்' சத்தம் போடும்போதும், விளையாடி முடித்த கையோடும் எண்ணாதீர்கள்.

தூக்கத்தில் 30-க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் கொஞ்சம் விட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லையா? அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதற்குத் தனி ஆப் தேவையில்லை. மாதக் காலண்டரின் கட்டத்திலேயே எண்ணைக் குறித்தால், ஏறுவது கண்ணில் பட்டுவிடும். சந்தேகமான நாளில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, மூச்சுக்கு மூச்சு வயிறு உள்ளே இழுக்கிறதா, ஈறு வெளிறி அல்லது நீலம் பாய்ந்திருக்கிறதா? அப்போது எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். நாய் இரைப்பது போல இதை நினைக்கக் கூடாது. வழியிலேயே போன் செய்து சொன்னால் ஆக்சிஜனைத் தயாராக வைப்பார்கள். தண்ணீரோ பாலோ புகட்ட வேண்டாம். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். கூடைக்குள் திணிக்காதீர்கள். பிளாஸ்டிக் கூடையாக இருந்தால் மேல்பாதியைக் கழற்றி, மெதுவாக உள்ளே இறக்குங்கள். அது திமிறத் திமிற மூச்சு இன்னும் முட்டும்.

பின்சேர்க்கை: தூக்கத்தில் மீசையும் பாதமும் துடிக்கும்போது மூச்சு வேகமாகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது கனவு நேரம், அடங்கிய பிறகு எண்ணுங்கள்.

இன்னொருவர் வீட்டுப் பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி அடிக்கடி இருமுகிறதாம். முடி உருண்டை என்று விட்டுவிடாதீர்கள், ஆஸ்துமாவாக இருக்கலாம். அதையும் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கொசுவர்த்தியையும் ஊதுபத்தியையும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.