மருலா கொட்டையை உடைத்து முழுப் பருப்பு எடுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடி நடக்கிற சமயத்தை ஒட்டித்தான் மருலா என்ற ஆப்பிரிக்க மரத்தின் பழக் காலமும் வரும். ஜனவரி முதல் மார்ச் வரை பழம் பச்சையாகவே உதிர்ந்து, தரையில் கிடந்து மஞ்சளாகப் பழுக்கும். சதையைச் சப்பிவிட்டு, அல்லது ஜாம் கிளறிவிட்டு, கொட்டையைக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே இருக்கிற பருப்பில் எடைக்குப் பாதிக்கு மேல் எண்ணெய். ருசியில் முந்திரிக்குச் சளைத்ததல்ல. ஆனால் ஓடு லேசில் மசியாது. ஓங்கி அடித்தால் பருப்பும் சேர்ந்து நசுங்கும், இல்லாவிட்டால் கொட்டை தெறித்து ஓடும்.

முழுப் பருப்பு வேண்டுமென்றால் முக்கால்வாசி வேலை காயவைப்பதில்தான் இருக்கிறது. சுத்தியலின் இடம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு எச்சரிக்கை. மருலா மாமரத்தின், முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாயில் வைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம், கிளையை ஒடிக்காதீர்கள். சொந்தத் தோட்டத்தில், அல்லது உரிமையாளர் சம்மதத்தோடு, கீழே விழுந்ததை மட்டும் பொறுக்குங்கள்.

காயவைத்தல்

சதை துளியும் ஒட்டாமல் தேய்த்துக் கழுவுங்கள். சதை மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு கம்பி வலைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஈரமான பருப்பு ஓட்டின் உட்சுவரை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டின் மேல் விழுகிற அடி அப்படியே பருப்புக்கும் போகும். காயக் காயப் பருப்பு சுருங்கி, நடுவில் மெல்லிய இடைவெளி விழும். ஓடும் முறுகி, அடித்தால் விண்டுகொடுக்கும். மக்கடேமியா என்ற கெட்டி ஓட்டுக் கொட்டையை விளைவிக்கிற பண்ணைகளிலும் உடைப்பதற்கு முன் கொட்டையை நன்றாக உலர்த்துவது இதற்காகத்தான்.

டர்பன் கோடைக்காலத்துப் புழுக்கத்தில் எதுவும் ஒழுங்காகக் காயாது. நான் கொட்டைகளை ஜூன், ஜூலை வரை விட்டுவிடுவேன்; இங்கே அப்போது குளிர்காலம், காற்றில் ஈரம் குறைவு. காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை அதே தட்டை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் சரி. அவசரப்பட்டுச் சூடான ஓவனில் வைக்காதீர்கள். ஈரத்தோடு அதிகச் சூடு பட்டால் பருப்பு உள்ளேயே பழுப்பாகிவிடும்.

உடைத்தல்

பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய காலணி இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஓட்டுச் சில்லு கத்தி மாதிரி கூராக இருக்கும். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

கொட்டையை விரலால் பிடிப்பதுதான் ஆபத்து. தடித்த மரக்கட்டை ஒன்றில் கொட்டையின் பாதி உயரத்துக்குக் குழி குடைந்து, அதில் நிறுத்துங்கள். சுற்றிலும் பழைய ரப்பர் குழாயை வளையமாக வெட்டிப் போட்டால் சில்லு வெளியே தெறிக்காது.

இப்போது கொட்டையை உற்றுப் பாருங்கள். ஒரு முனையை ஒட்டி, சிறு வட்ட மூடிகள் தெரியும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொரு மூடிக்கும் பின்னால் ஓர் அறை, அறைக்கு ஒரு பருப்பு. மூடியின் மேலேயே அடித்தால் அது உள்ளே இறங்கிப் பருப்பை நசுக்கிவிடும். அந்த முனை மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடிகளுக்கு நடுவே கனமான சுத்தியலால் அளவாகத் தட்டுங்கள். பலம் தட்டலில் வேண்டாம், சுத்தியலின் கனத்தில் இருக்கட்டும். விரிசல் விழுந்ததும் நிறுத்திக் கொட்டையைத் திருப்பி இன்னொரு தட்டு.

பட்டறை வைஸ், அதாவது பொருளை இறுக்கிப் பிடிக்கிற திருகு இடுக்கி, வைத்திருப்பவர்கள் சுத்தியலை மறந்துவிடலாம். கொட்டையை நெடுக்காக வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தி, கைப்பிடியை மெதுவாகத் திருகுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் கால் சுற்றுகூடத் திருகாதீர்கள். பருப்பு நசுங்குவது அந்தக் கால் சுற்றில்தான். என்னைக் கேட்டால் முழுப் பருப்புக்கு இதுதான் முதல் தேர்வு. வேகம் குறைவு, அவ்வளவுதான்.

பருப்பை எடுத்தல்

இங்கே ஊர்ப்புறப் பெண்கள் கல்லில் வைத்து உடைத்து, முள்ளாலோ எலும்பு ஊசியாலோ நெம்பி எடுப்பார்கள். நமக்குக் கோணி ஊசி போதும். மூடியின் ஓரத்தில் ஊசியை விட்டு நெம்பினால் மூடி கழன்று வரும். பிறகு பருப்புக்கும் சுவருக்கும் இடையே ஊசியைச் செலுத்தி வெளியே தள்ளுங்கள். நடுவில் குத்தினால் இரண்டாகும். இந்த வேலையையும் கட்டையின் மேல் வைத்தே செய்யுங்கள். ஊசி வழுக்கினால் கட்டையில் இறங்கட்டும், உள்ளங்கையில் வேண்டாம்.

வராத பருப்போடு மல்லுக்கட்டாதீர்கள். அந்தக் கொட்டை இன்னும் காயவில்லை. தட்டில் திருப்பிப் போடுங்கள்.

எடுத்த பருப்பை வெள்ளைத் தட்டில், நல்ல வெளிச்சத்தில் பரப்பி, ஓட்டுத் துணுக்கு கிடக்கிறதா என்று விரலால் துழாவிப் பாருங்கள். ஒரு துணுக்கு போதும், பல் உடைய. கருத்ததும், பூஞ்சை வாசனை அடிப்பதும் அப்படியே குப்பைக்கு. வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், பூஞ்சை நச்சு வறுப்பதால் போகாது.

எண்ணெய் அதிகமுள்ள பருப்பு என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் புரட்டாசிப் பாயசத்துக்கு முந்திரிக்குப் பதிலாக நெய்யில் வறுத்துப் போடலாம். உடைந்த பருப்பைத் தேங்காயோடு சேர்த்துச் சட்னி அரைத்துவிடுங்கள். ஓடுகளை பிராய் அடுப்பில், அதாவது இறைச்சி சுடுகிற திறந்த அடுப்பில், போடலாம், நன்றாக எரியும்.