தனியாக டாப் ரோப் ஏற எந்தக் கயிறு?

பாறையேறத் துணைக்கு ஆள் கிடைக்காத நாட்களில், மேலே ஆங்கரில் (கயிற்றைத் தாங்கும் உறுதியான பிடிமானம்) கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஹார்னஸில் (இடுப்புப் பட்டை) கவ்வி மாட்டிக்கொண்டு தனியாக ஏறுவேன். கவ்வி என்பது கயிற்றில் மேலே மட்டும் வழுக்கி, கீழே இழுத்தால் பிடித்துக்கொள்ளும் கருவி. முதல் வருடம் என்னிடம் இருந்தது லீட் ஏறும், அதாவது கீழிருந்து கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போகும் ஏற்றத்துக்கான, 9.8 மி.மீ. டைனமிக் (நீளும்) கயிறு ஒன்றுதான். எதுவானால் என்ன, கயிறுதானே என்றிருந்தேன்.

30 மீட்டர் பாறை ஒன்றில் ஆளுயரம் ஏறியதும் கால் வழுக்கியது. கவ்வி அந்தக் கணமே பிடித்துவிட்டது. நானோ தரையில் உட்கார்ந்திருந்தேன்! 80 கிலோ எடைக்கு 8 சதவீதம் நீளும் கயிறு, தலைக்கு மேல் 27 மீட்டர் இருந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கும். அதுவும் மெதுவாக உட்கார்ந்தால்தான். விழுந்தால் இன்னும் கூடும்.

அடி ஒன்றும் படவில்லை. பயம் வந்தது மேலே போய்ப் பார்த்த பிறகுதான். பாறை விளிம்பில் படிந்திருந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கயிற்றின் வெளியுறை பஞ்சு பஞ்சாகப் பிய்ந்திருந்தது. கடினமான ஒரு நகர்வை அன்று இருபது தடவையாவது முயன்றிருப்பேன். தொங்கும்போது கயிறு நீளும், எடையை எடுத்தால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் விளிம்பில் ரம்பம் இழுத்த மாதிரிதான்.

அதனால் என் தேர்வு அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிறு. கயிற்றின் நுனிப்பட்டையில் ‘இஎன் 1891’ (இவ்வகைக் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம்), ‘ஏ’ வகை என்று இருக்கிறதா பாருங்கள். 10 மி.மீ. விட்டத்தில் எடுத்தால் பெரும்பாலான கவ்விகளுக்குப் பொருந்தும். மைக்ரோ ட்ராக்ஷன் என்ற கவ்வி 8 முதல் 11 மி.மீ. வரை ஏற்கும். உங்கள் கவ்வியின் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விறைப்பான கயிற்றைவிட, முடிச்சுப் போட்டால் எளிதில் மடியும் கயிறு நல்லது. நீட்சி எண்களை அப்படியே ஒப்பிட வேண்டாம். டைனமிக்கை 80 கிலோ தொங்கவிட்டு அளக்கிறார்கள். ஸ்டாட்டிக்கில் சுமை 50-லிருந்து 150 கிலோவுக்கு ஏறும்போது எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கிறார்கள்; ‘ஏ’ வகைக்கு உச்ச வரம்பு 5 சதவீதம்.

ஸ்டாட்டிக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தொய்வை மன்னிக்காது. ஆங்கருக்குக் கீழே இரண்டு மீட்டரில் நிற்கிறீர்கள், கவ்வி சிக்கி ஒரு மீட்டர் கயிறு தொய்ந்து கிடக்கிறது என்று வையுங்கள். அங்கே விழுந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மேலே போதுமான கயிறு இல்லை. பல் வைத்த கவ்வி உறையைக் கிழித்துவிடலாம். இத்தகைய கவ்விகளுக்கான இஎன் 567 தரமே 4 கிலோநியூட்டன் (சுமார் 400 கிலோ எடை) நிலையான இழுவைக்குத்தான் சோதிக்கிறது, விழுகைக்கு அல்ல. ஆகவே உச்சியை நெருங்க நெருங்க கவ்வியைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். ஆங்கரைத் தாண்டி மேலே போகவே கூடாது. ஸ்டாட்டிக்கில் லீட் ஏறுவது பற்றி யோசிக்கவும் வேண்டாம்.

கையில் டைனமிக் மட்டும்தான் என்றால்? பத்து மீட்டர் சுவர், விளிம்பில் உரசாமல் நேராகத் தொங்கும் கயிறு என்றால் நானும் அதில்தான் ஏறுவேன். விளிம்பு இருந்தால், ஆங்கரிலிருந்து ஸ்டாட்டிக் துண்டு ஒன்றை விளிம்பு தாண்டி இறக்கி, அங்கே கயிறு தேயாமல் காக்கும் உறையும் போட்டு, அதன் நுனியிலிருந்து டைனமிக்கைத் தொங்கவிடுங்கள். நீளமான ஏற்றமானால் நடுவில் உறுதியான இன்னொரு ஆங்கரில் கயிற்றைக் கட்டினால் நீட்சி பாதியாகும். ஆனால் கவ்விகளை ஒவ்வொன்றாக அந்த முடிச்சுக்கு மேலே மாற்ற வேண்டும். கை சோர்ந்த நேரத்தில் அது எனக்குப் பிடிக்காத வேலை.

எந்தக் கயிறானாலும் கவ்வி இரண்டு. ஒன்றை மட்டும் நம்பி நான் ஏறுவதில்லை. கயிற்றின் அடியில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தரையைத் தொடாமல் கட்டித் தொங்கவிடுவேன். அந்தக் கனத்தில் கயிறு விறைத்து நிற்க, கவ்வி தானாக வழுக்கி மேலே வரும். முதல் சில அடிகளில் மட்டும் பாட்டில் சேர்ந்து எழும்பப் பார்க்கும். அதுவரை கவ்விக்குக் கீழே உள்ள கயிற்றைக் கையால் இழுத்துவிட்டுக்கொண்டே ஏறுங்கள்.