துக்க வீட்டில் நம்பிக்கை சொல்லப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையின் வீட்டுச் சந்திப்புக் குழுவில் இந்த வருஷம் சில வாலிபர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். வெயில் மழை பார்க்காமல் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைப் பக்கம் வரை மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். ஆனால் துக்கமுள்ள வீடுகளில் அவர்கள் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்கும்போது மனது பதறுகிறது. நாங்கள் இளசுகளாக இந்த வேலைக்கு வந்தபோது எதையெல்லாம் சொன்னோமோ, அதையே சொல் மாறாமல் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் இந்த ஊழியத்துக்கு ஓய்வே இருந்ததில்லை. 1978 நவம்பர் சூறாவளி, யுத்தம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு, அப்புறம் 2022இன் பொருளாதார நெருக்கடி. இவற்றில் மூன்று நான்கைப் பார்த்த குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து "நம்பிக்கையை விடாதீங்க" என்று சொல்லப் போகிறவர், எந்த நம்பிக்கையைச் சொல்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைபேசியை அணைத்து வையுங்கள், சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

அழுகையை நிறுத்தப் பார்ப்பது

படலையைத் திறந்து உள்ளே போன உடனேயே "அழாதீங்க அம்மா, அவர் ஆண்டவரிடம் போயிட்டார்" என்று தொடங்குவது. அந்தத் தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குப் பிளேன்ரீ போட எழுந்து குசினிக்குப் போய்விடுவார். நாம் ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் அவருடைய வாயை அடைத்திருக்கிறோம்.

இறந்துபோன சிநேகிதன் லாசருவை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கப்படாதபடிக்கு என்றுதான் எழுதினார், துக்கமே படக்கூடாது என்று எழுதவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் வேதத்தில்தான் இருக்கிறது. 88ஆம் சங்கீதமோ ஆறுதலான ஒரு முடிவே இல்லாமல், சிநேகிதர்கள் தூரமாகிப்போன முறையீட்டோடு நின்றுவிடுகிறது. அதையும் சபை காலங்காலமாக ஜெபமாகப் படித்து வந்திருக்கிறது. கடவுளிடம் முறையிடுகிறவர் கடவுளை விட்டுப் போகவில்லை, அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சை நடுவில் மறிக்க நமக்கு உரிமையில்லை.

யோபுவின் சிநேகிதர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல வேலை அதுதான். வாயைத் திறந்த பிறகு சொன்னவற்றுக்காகக் கடைசியில் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

"பாவத்தின் பலன்"

உங்கள் துன்பம் பாவத்தின் பலன் என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று இயேசு சொன்னதை லூக்கா 13இல் வாசித்துவிட்டு வாருங்கள்.

கர்த்தர் சொல்லாத திகதியைச் சொல்வது

இதைப் பற்றித்தான் நான் கூடுதலாகப் பேச வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த ஒன்றைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் பகுதியில் ஒரு தாய். 2007இல் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார், எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. முகாம் முகாமாக அலைந்தார், விசாரணைக்கு வந்த எல்லா ஆணைக்குழுக்களுக்கும் கடிதம் கொடுத்தார். ஞாயிறு ஆராதனையை ஒருநாளும் விட்டதில்லை. சில வருஷம் கழித்து, ஒரு புத்தாண்டு ஜெபத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஊழியக்காரத் தம்பி வந்தார். வீடு நிறையச் சனம். அந்தத் தம்பி தாயின் தலையில் கை வைத்து, "இந்த வருஷம் முடிவதற்குள் உங்கள் மகன் இந்த வாசலில் வந்து நிற்பான் என்று கர்த்தர் சொல்கிறார்" என்றார். சனம் அல்லேலூயா என்றது. தம்பி ஜெபத்தை முடித்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருஷம் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனின் கட்டில் மறுபடி விரிக்கப்பட்டது. கட்டம் போட்ட ஒரு சேட் வாங்கி, பொலித்தீன் உறையும் பிரிக்காமல், விலைத் துண்டும் கழற்றாமல் அலுமாரியில் வைத்தார். மகளுக்கு ஒரு நல்ல இடம் பொருந்தி வந்திருந்தது. அண்ணன் வந்து நின்று நடத்தட்டும் என்று கலியாணத்தைத் தள்ளிப்போட்டார். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வது வழக்கம், அந்த எழுத்து வேலையும் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் சிறிது காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள். டிசம்பர் 31 இரவு, முழு இரவு ஆராதனைக்குப் போகாமல், வெளி விளக்கைப் போட்டுவிட்டு விறாந்தையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு தேவாலயத்துக்கு வரவில்லை. நாங்கள் போய்க் கூப்பிட்டபோது சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "புள்ள, ஆண்டவர் சொன்னதெண்டுதான் அந்தத் தம்பி சொன்ன. அப்ப ஆர் பொய் சொன்ன? தம்பியா, ஆண்டவரா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொருவர் பெயரில் கள்ளக் காசோலை எழுதுகிறவரை மோசடிக்காரர் என்கிறோம். கர்த்தருடைய பெயரில் வாக்குறுதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு மட்டும் காணிக்கை கொடுத்து அனுப்புகிறோம். அந்தத் தம்பிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து மனம் இரங்கித்தான் சொல்லியிருப்பார். ஆனால் இரக்கம் வந்தது என்பதற்காக "கர்த்தர் சொல்கிறார்" என்று சொல்லிவிட முடியாது.

இந்தத் தவறுக்கு வேதத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். எரேமியா 28ஆம் அதிகாரத்தை எடுங்கள். பாபிலோன் ராஜா ஜனத்தில் ஒரு பகுதியையும் ஆலயத்தின் பணிமுட்டுகளையும் கொண்டுபோய்விட்டான். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வரும், போனவர்களும் வருவார்கள் என்று கர்த்தர் பெயரால் சொல்கிறான். அதற்கு எரேமியாவின் முதல் பதில் "ஆமென்". அப்படியே நடக்கட்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் ஆசையை அவர் வாக்குத்தத்தமாக மாற்றவில்லை. பிறகு அனனியாவிடம் சொன்ன வார்த்தை கடுமையானது: "கர்த்தர் உன்னை அனுப்பினதில்லை, நீயோ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்." அந்த வருஷமே அனனியா இறந்துபோனான்.

அடுத்த அதிகாரம், பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதில்தான் நமக்கு மிகவும் பிடித்த வசனம் வருகிறது. எரேமியா 29:11. டிசம்பர் 31 இரவு, புது வருஷத்துக்கென்று வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது யாராவது ஒருவருக்கு அது வராமல் இருக்காது. எத்தனை வீட்டுக் கலண்டரில் தொங்குகிறது! உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை. சரி, அதற்கு முந்திய வசனம் என்ன சொல்கிறது? எழுபது வருஷம். இரண்டு அல்ல, எழுபது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியானால் அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதன் பலனைச் சாப்பிடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

பெண் கொடுங்கள் என்கிறது அந்தக் கடிதம். அனனியாவின் வழியில் வந்த வாக்கு அந்த வீட்டுக் கலியாணத்தை நிறுத்தியது. எரேமியாவின் கடிதம் அந்தத் தாயின் கையில் கிடைத்திருந்தால், மகனுக்காக அழுதுகொண்டே மகளுக்குத் தாலி கட்டிப் பார்த்திருப்பார்.

"அப்ப நாங்க என்னதான் சொல்ற அக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "என் மகன் வருவானா?" என்று கேட்டால், "தெரியாது அம்மா" என்று சொல்லுங்கள். அது அவிசுவாசம் இல்லை. வரமாட்டான் என்றும் சொல்லாதீர்கள், அதுவும் உங்களுக்குத் தெரியாது. இறந்துவிட்டான் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தாயை நெருக்குவது இன்னொரு கொடுமை. அவர் தேடட்டும், கேட்கட்டும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நடத்தும் போராட்டத்தில் போய் உட்காரட்டும். அது அவருடைய உரிமை, கூடப் போக முடிந்தால் போங்கள். பவுல் ரோமருக்கு எழுதிய ஒரு வரி இருக்கிறது: "பிழைத்தாலும் மரித்தாலும் நாம் கர்த்தருடையவர்களாயிருக்கிறோம்." மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவருக்கு, இரண்டு பக்கத்தையும் தாங்கிக்கொள்கிற வசனம் அது. திகதி இல்லாத வாக்கு, ஆகையால் எந்த டிசம்பர் 31உம் அதைப் பொய்யாக்க முடியாது. கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார் என்பதன் மேல் அது நிற்கிறது. நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான், அது குறைவானதும் இல்லை.

தப்பியவர் சாட்சி சொல்லும் இடம்

2004இல் சுனாமி வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு வந்திருந்ததால் பிழைத்தவர்கள் உண்டு. 2019இல் சீயோனுக்குப் பிந்திப் போனதால் பிழைத்தவர்களும் உண்டு. அவர்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். "கர்த்தர் என் பிள்ளையைக் காப்பாற்றினார்" என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொல்லும்போது, மூன்றாவது வாங்கில் இருக்கிற தாய்க்கு அது எப்படிக் கேட்கும்? உன் பிள்ளையைக் காப்பாற்றவில்லை என்றுதான் கேட்கும். சாட்சிக் கூட்டம் நடத்துகிறவர்கள் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒலிவாங்கியைக் கொடுங்கள். நன்றியை வீட்டில் முழங்காலில் நின்று சொன்னாலும் கர்த்தருக்குக் கேட்கும்.

நிவாரணப் பொதிக்குள் துண்டுப் பிரசுரம்

வைக்காதீர்கள். பசியில் இருக்கிறவர் சைவரோ முஸ்லிமோ, அவருக்கு அரிசி மட்டும் கொடுங்கள்.

ஜெபித்துவிட்டுப் பானையைப் பார்க்காமல் வருவது

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடி படுக்கவும் விட்டான். கடவுள் பேசியது அதற்குப் பிறகு.

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன, முந்திய வருஷத்து உரத் தடையால் வெள்ளாமையும் விழுந்திருந்தது. அப்போது போன வீடுகளில் மனச்சோர்வு என்று நாங்கள் நினைத்தவற்றில் எவ்வளவோ வெறும் பசி. இன்றைக்கும் கிழமைக்குக் கிழமை நுண்கடன்காரர் வந்து நிற்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே பெண்கள் தூங்குவதில்லை. கடன் எவ்வளவு, யாரிடம், என்று மெதுவாகக் கேளுங்கள். சபையில் கணக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பானையில் ஒன்றும் இல்லை என்றால் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு கடைக்குப் போய் வாருங்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்வது

விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு என்று கேட்பவரை அடுத்த முறை கூட்டிப் போகாதீர்கள். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். உயிரை விட்டுவிடப் போகிறேன் என்ற பேச்சு ஒருவர் வாயிலிருந்து வந்தால் அவரைத் தனியே விட்டு வராதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைக் குழுவில் எல்லோரும் கைபேசியில் சேமித்து வையுங்கள்.

ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொள்வது

31ஆம் நாள் நினைவு ஆராதனை முடிந்து பந்தல் கழற்றியதும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். உண்மையான வெறுமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குழுவில் ஒரு கொப்பி வைத்து, எந்த வீட்டுக்கு எந்த நாள் கனமான நாள் என்று எழுதி வையுங்கள்: இறந்த நாள், பிறந்த நாள், பரீட்சை முடிவு வருகிற நாள்.

கரையோரக் கிராமங்களில் நத்தார் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய காலம். அடுத்த நாளே சுனாமி வந்த 26ஆம் திகதி. கரோல் போகிற வாலிபர்கள் எல்லா வீட்டு வாசலிலும் மேளத்தோடு போய் நிற்காமல், அந்த வீடுகளில் ஒரு கிழமைக்கு முன்னமே கேட்டு வையுங்கள். சிலர் "வாங்க மனே, அவனுக்குப் பாட்டெண்டா உசிர்" என்பார்கள், அங்கே முழுப் பாட்டையும் பாடுங்கள். வேண்டாம் என்கிறவர்களிடம் இரண்டு பேர் மட்டும் பலகாரம் கொண்டுபோய் இருந்துவிட்டு வாருங்கள். 26 காலையில் கடற்கரைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிறார்களா, துணைக்கு ஆள் வேண்டுமா, எத்தனை மணிக்கு வர என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.